வடிவு அமுக்காத பட்டன்

மைசூர் மண்டி மொஹல்லாவில் வடிவைப் பற்றி மூன்று கதைகள் உலவுகின்றன. மூன்றிலும் நான் வருகிறேன். மூன்றும் பொய். ஒன்றில் நானும் அவளும் சாமுண்டி மலையில் யார் கண்ணிலோ படுகிறோம். இன்னொன்றில் என் கடையின் பின்னறையில் கட்டில் போட்டிருக்கிறது. என் கடைக்குப் பின்னறையே கிடையாது, பின்சுவரை ஒட்டிச் சாக்கடைதான் ஓடுகிறது. கதை கட்டுகிறவர்கள் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டாவது கட்டியிருக்கலாம். மூன்றாவதை எழுதக் கை கூசுகிறது.

நடந்தது வேறு. அதிலும் நான் வருகிறேன் என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத எரிச்சல்.

என் பெயர் கந்தசாமி. தொண்ணூற்றெட்டு வரை எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். பிறகு, ஊரே ஓடுகிற பக்கம் நாமும் ஓடுவோம் என்று மூன்று கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு, 'பிரவுசிங் சென்டர்' என்று பலகை எழுதி மாட்டினேன். டெலிபோன் கம்பி வழியாக வருகிற இணையம் அது. ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். நான் அதிகம் பொறுமையுள்ள ஆள் இல்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், பின்னால் உதவும்.

வடிவு எனக்கு அடுத்த சந்தில் மாமியாரோடு குடியிருந்தாள். பிறந்தது மார்டள்ளி. கர்நாடகத்துக்குள் இருக்கிற ஊர்தான், ஆனால் அங்கே பிறந்தவர்கள் கன்னடத்தைப் பள்ளிக்கூடத்தில் போய்த்தான் கற்றுக்கொள்வார்கள். அப்பாவுக்கு இரண்டு ஏக்கரில் ராகியும் மக்காச்சோளமும். ஒன்பதாவதோடு நிறுத்திவிட்டு, இருபது வயதில் மைசூரில் இருந்த பாலனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். பாலன் கட்டட வேலைக் குடும்பத்தில் பிறந்து டிப்ளமோ வரைக்கும் படித்தவன். அந்தச் சந்தில் அவ்வளவு படித்தவன் அவன் ஒருவன்தான் என்பதை அவனும் மறக்கமாட்டான், அவன் அம்மா சித்தம்மாவும் நம்மை மறக்க விடமாட்டாள். கல்யாணமாகி ஏழாம் மாதம் ஷார்ஜாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராகப் போய்விட்டான்.

வடிவு வீட்டில் உட்கார்ந்து ஊதுவத்தி உருட்டினாள். மரப்பலகையில் கரித்தூள் மாவை வைத்து மூங்கில் குச்சியில் உருட்டுகிற வேலை. மைசூரில் பாதிச் சந்துகளில் பெண்கள் இதைத்தான் செய்கிறார்கள். வாசனை எல்லாம் பிறகு கம்பெனியில் சேர்ப்பது. உருட்டுகிறவளுக்குக் கிடைப்பது கருப்பு விரல் மட்டும்தான். எத்தனை சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் அந்தக் கருப்பு நிற்கும்.

பாலனின் ஆபீஸில் கம்ப்யூட்டர் இருந்தது. போன் பேசினால் காசு பறக்கிறது, சாட்டிங்கில் பேசலாம் என்று எழுதியிருந்தான். திங்கள், வியாழன், சாயங்காலம் நாலரையிலிருந்து ஐந்து வரை. அவனுக்கு அப்போது மூன்று மணி, மேனேஜர் தூங்கப் போகிற நேரம்.

தொண்ணூற்றொன்பது பொங்கல் கழித்து வடிவு கடைக்கு வந்தாள். ஒரு சாட்டிங் தளத்தில் அவள் பெயரைப் பதிந்து கொடுத்து, எழுத்துகளைக் காட்டினேன். கீபோர்டை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏனுங்கண்ணா, ஏ-வுக்குப் பக்கத்துல பி இல்லாம இதை எவன் அடுக்குனான்?"

"அமெரிக்காக்காரன்."

"அவனுக்கு வாத்தியார் சரியில்லீங்."

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். ஆங்கில எழுத்தில் தமிழை ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அடிப்பாள். 'சாப்பிட்டீங்களா' என்று அடித்து முடிப்பதற்குள் அங்கே அவன் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பான். சீக்கிரம் அடி, சீக்கிரம் அடி என்று அவன் திட்டிக்கொண்டே இருப்பான். அவள் அந்தத் திட்டையும் எனக்குப் படித்துக் காட்டிச் சிரிப்பாள். ஆடி கழிந்ததும் விசா எடுத்துக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தான். அதுதான் அவளுக்கு எல்லாம். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த போட்டோவில் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். "இதுல என் மூஞ்சி கோவமா இருக்குதுங். உள்ள விடுவாங்களாங்?" என்று கேட்டாள்.

இனி அந்தப் பட்டன்.

சாட்டிங் பக்கத்தின் மேல் மூலையில் 'எக்ஸிட்' என்று ஒரு பட்டன் இருந்தது. பேசி முடித்ததும் அதை அமுக்க வேண்டும். முதல் நாள் அதைக் காட்டி, அமுக்கு என்றேன். கையை மௌஸில் வைத்தபடி, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். நான் வேறு யாருக்கோ சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"போறேன்னு அர்த்தம்," என்றேன்.

சுட்டுக்கொண்டதுபோல் கையை எடுத்துவிட்டாள்.

"வேண்டாமுங்கண்ணா. அவர் அத்தனை தூரத்துல இருக்கறப்ப நான் போறேன்னு சொல்லுவனுங்களா?"

நம் வீடுகளில் யாரும் போறேன் என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. வரேன் என்று சொல்லிவிட்டுத்தான் போவோம். கன்னடத்துக்காரர்களும் பர்த்தீனி என்றுதான் சொல்வார்கள், அதற்கும் வருகிறேன் என்றுதான் அர்த்தம். அவள் மாமியார் இதில் இன்னும் ஒரு படி மேல். பூத் இருந்த காலத்தில் பாலன் போன் செய்கிறான் என்று சேதி சொல்ல ஒருநாள் அவர்கள் வாசலுக்குப் போய்விட்டு, வாய் தவறி "நான் போறேம்மா" என்று சொல்லிவிட்டேன். சித்தம்மா என்னை அப்படியே நிறுத்திவிட்டாள். "புள்ளை வெளியூர்ல இருக்கறப்ப வாசல்ல நின்னு என்ன பேச்சு பேசறே? வரேன்னு சொல்லிட்டுப் போப்பா," என்று திருப்பிச் சொல்ல வைத்துத்தான் அனுப்பினாள்.

ஆகவே வடிவு எக்ஸிட்டை அமுக்கவே இல்லை. ஐந்து மணிக்கு 'வாரன்' என்று அடிப்பாள், என்னிடம் "வாரனுங்கண்ணா" என்பாள், எழுந்து போய்விடுவாள். நான் வந்து மௌஸில் ஒட்டிய கருப்பைத் துடைத்துவிட்டு, ஜன்னலின் மூலையில் இருக்கிற பெருக்கல் குறியை அமுக்கி மூடுவேன். அவளுக்குப் பதில் நான் எக்ஸிட்டை அமுக்கியிருக்கலாம். அமுக்கினால் 'மீண்டும் வருக' என்று பூப்போட்ட ஒரு பக்கம் வரும். அது வந்து முடிய எங்கள் டெலிபோன் கம்பியில் ஒரு நிமிஷம் ஆகும். பெருக்கல் குறி என்றால் ஒரு நொடி. நான் பொறுமையுள்ள ஆள் இல்லை என்று சொன்னேன் அல்லவா.

இப்போது அந்தத் தளம் எப்படி ஆள் கணக்கு எடுக்கிறது என்று சொல்ல வேண்டும். அதற்குக் கண் கிடையாது. நாம் நாற்காலியில் இருக்கிறோமா, எழுந்துவிட்டோமா, கடைக்கு வெளியே நிற்கிறோமா என்று எதுவும் அதற்குத் தெரியாது. நாம் ஒரு வரி அனுப்பினாலோ ஒரு பக்கத்தைக் கேட்டாலோ, நம் பெயருக்கு நேராக அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளும். அவ்வளவுதான் அதற்குத் தெரிந்தது. எக்ஸிட்டை அமுக்கினால் உடனே பெயரை எடுத்துவிடும். அமுக்காமல் மூடிவிட்டால், ஆள் போய்விட்டார் என்று அதற்குச் சொல்ல யாரும் இல்லை. காத்திருக்கும். கடைசியாகக் குறித்த நேரத்திலிருந்து இருபது நிமிஷம் ஒரு சத்தமும் வராவிட்டால், சரி, போய்விட்டார் என்று தானே முடிவு செய்து பெயரை எடுக்கும். அதுவரை அந்தப் பெயர் பக்கத்தில் பச்சை விளக்கோடு நிற்கும். 'இருக்கிறார்' என்று அர்த்தம்.

இந்த இருபது நிமிஷக் கணக்கு தளத்தின் உதவிப் பக்கத்தில் எழுதியே இருந்தது. நான் படித்திருந்தேன். ஷார்ஜாவில் இருந்த டிப்ளமோ படிக்கவில்லை.

மே மாதம் பாலன் முதல் தடவை கேட்டான். ஐந்து மணிக்கு அவளுக்கு விடை கொடுத்துவிட்டு வேறு வேலை பார்த்திருக்கிறான். ஐந்தே காலுக்குத் திரும்பிப் பார்த்தால் அவள் பெயர் இன்னும் பச்சையாக இருக்கிறது. கூப்பிட்டான், பதில் இல்லை. அடுத்த தடவை, 'போன வாரம் நான் போனப்புறம் யார்கூடப் பேசிட்டிருந்தே?' என்று கேட்டான். அவள் அதைப் படித்துவிட்டு என்னிடம் திரும்பி, "நான் அப்பவே வீட்டுக்குப் போயிட்டனுங்களே," என்றாள். அதையே அவனுக்கும் அடித்தாள். அந்த இருபது நிமிஷக் கணக்கை அப்போதே அவளுக்குச் சொல்லிக் கொடுக்க எனக்குப் பொறுமை இல்லை.

அதற்குப் பிறகு அவன் காவல் இருக்க ஆரம்பித்தான். ஒவ்வொரு திங்களும் வியாழனும் அவள் 'வாரன்' சொன்ன பிறகு திரையின் முன்னாலேயே உட்கார்ந்து, பெயர் எப்போது அணைகிறது என்று பார்த்திருக்கிறான். ஒவ்வொரு தடவையும் இருபது நிமிஷம். ஒரு நிமிஷம் முன்னே பின்னே இல்லை. கொஞ்சம் மூளையைச் செலவழித்திருந்தால் அதிலேயே பிடிபட்டிருக்கும். எந்தக் கள்ளக் காதல் நாள் தவறாமல் சரியாக இருபது நிமிஷம் நடக்கும்? அவன் தலைகீழாக எடுத்துக்கொண்டான். இவ்வளவு ஒழுங்காக நடக்கிறதென்றால் பேசி வைத்துக்கொண்டு நடக்கிறது என்று முடிவு கட்டினான்.

ஜூலையில் ஒரு திங்கட்கிழமை ஐந்து பத்துக்குக் கடைக்கு போன் வந்தது.

"வடிவு இருக்காளா?"

"போய்ப் பத்து நிமிஷம் ஆச்சே பாலன்."

"சும்மா பொய் சொல்லாதீங்க. பேரு எரியுது இங்க."

"அது அப்படித்தான் எரியும். இருபது நிமிஷம் ஆனாத்தான் அணையும்."

"இருபது நிமிஷம்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றான். 'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது. "நான் இன்னும் யார்கிட்டயும் அந்தக் கணக்கைச் சொல்லலியே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் தேடுகிற அந்த ஆள் நான்தான். கடையில் இருக்கிற ஒரே ஆண் நான். இந்த உலகத்தில் அவள் குற்றமற்றவள் என்று தெரிந்தவனும் நான் ஒருவன்தான். நான் எதைச் சொன்னாலும் அது திருடன் சொல்கிற சாக்காகத்தான் இருக்கும்.

அன்று எனக்கு வந்த கோபம் பாலன் மேல் வந்திருக்க வேண்டும். வடிவின் மேல் வந்தது. அப்போதே அவளைத் தேடிச் சந்துக்குப் போனேன். பலகைக்கு முன்னால் உட்கார்ந்து உருட்டிக்கொண்டிருந்தாள். சித்தம்மா உள்ளே இருந்தாள். சந்தே கேட்கக் கத்தினேன்.

"ஒரு பட்டனை அமுக்க உனக்கு என்ன கேடு? உன் சகுனத்துல என் மானம் போகுது. அதை அமுக்காம இனிமே என் கடைப் படியை மிதிக்காதே."

அவள் எழுந்து நின்றாள். கருப்புக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் விரித்து வைத்திருந்தாள். "சரிங்கண்ணா," என்று மட்டும் சொன்னாள். அப்படிக் கத்தியதால், ஏதோ இருப்பதால்தான் கத்துகிறான் என்று சந்தில் இருந்தவர்களும் முடிவுக்கு வந்தார்கள். முதல் கதை அன்றுதான் பிறந்தது.

மறுநாள் கோபம் தணிந்து ஒரு யோசனை வந்தது. நானே பாலனுக்கு போன் செய்தேன். வரும் வியாழக்கிழமை சித்தம்மா கடைக்கு வந்து வடிவு பக்கத்தில் உட்காரட்டும். ஐந்து மணிக்கு வடிவு எழுந்ததும் சித்தம்மாவே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகட்டும். ஐந்து பத்துக்கு நீ உங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் மளிகைக் கடை போனுக்குப் பேசு. வடிவே எடுத்துப் பேசுவாள், அந்த நேரத்தில் உன் திரையில் அவள் பெயர் எரிந்துகொண்டிருக்கும். அவள் அங்கே, பெயர் இங்கே. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று கேட்டேன்.

அவன் யோசித்தான். "ஒரு கண்டிஷன்," என்றான். "இதை அவகிட்ட சொல்லக் கூடாது. சொன்னா நடிப்பா. எங்கம்மாவைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது."

நான் சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். அவளுக்குச் சொல்ல என்ன இருக்கிறது, எப்போதும் போல எழுந்து போனால் போதுமே என்று நினைத்தேன். முந்தின நாள் அவளிடம் நான் கத்தியது எனக்கு நினைவே இல்லை. கத்தியவனுக்கு மறந்துவிடும். வாங்கிக்கொண்டவளுக்குத்தான் நினைவிருக்கும்.

வியாழக்கிழமை நாலரைக்கு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். சித்தம்மா முக்காலியைத் திரையின் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவளுக்கு எந்த எழுத்தும் படிக்கத் தெரியாது. அதனால் வடிவின் முகத்தையே படித்துக்கொண்டிருந்தாள். வடிவு அன்று நன்றாகக் கை கழுவி, நல்ல புடவை கட்டி வந்திருந்தாள். அரை மணி நேரம் பேசினார்கள். பாலன் அன்று திட்டவில்லை. அவளுக்கு அது தெம்பாக இருந்தது. 'இன்னைக்குக் கோவமில்லீங்களா' என்று அடித்தாள். 'இல்லை' என்று வந்தது.

ஐந்து ஆயிற்று. 'வாரன்' என்று அடித்தாள். நான் என் மேஜையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. கழுத்திலிருந்த தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உதடு ஏதோ முணுமுணுத்தது. பிறகு மௌஸைப் பிடித்து, அம்பை மெல்ல மெல்ல மேல் மூலைக்குக் கொண்டுபோனாள்.

நான் எழுந்தேன். வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன். சித்தம்மா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிரில் அவள் மருமகளைக் கை நீட்டித் தடுத்தால் அது என்னவாகப் போய்ச் சேரும் என்று ஒரு நொடி யோசித்தேன். அந்த ஒரு நொடியில் அமுக்கிவிட்டாள்.

பூப்போட்ட பக்கம் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக வர ஆரம்பித்தது. வடிவு என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் இருந்த பெருமையை நான் எப்படிச் சொல்ல.

"அமுக்கிட்டனுங்கண்ணா," என்றாள்.

அவர்கள் வீட்டுக்கு நடந்தார்கள். நான் கடையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன். மளிகைக் கடையில் போன் சொன்ன நேரத்துக்கு அடித்தது. சித்தம்மா எடுத்தாள். பாலன் கத்திப் பேசுகிறவன், பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"அஞ்சு மணிக்கு டாண்ணு பேரு போயிருச்சும்மா. நீ பக்கத்துல இருக்கறப்ப மட்டும் சரியாப் போகுது பாரு."

நான் போனைப் பிடுங்கினேன்.

"பாலன், இன்னிக்கு அவ எக்ஸிட்டை அமுக்கிட்டா. அதான் உடனே போச்சு. மத்த நாளெல்லாம் அமுக்க மாட்டா."

"ஏன் அமுக்க மாட்டா?"

"போறேன்னு அர்த்தம்னு நான்தான் சொல்லித் தொலைச்சேன். அபசகுனம்னு பயந்துட்டா."

அவன் சிரித்தான். "அப்ப இன்னிக்கு அபசகுனம் இல்லையா?"

நான் கத்தினேன், அதனால் அமுக்கினாள் என்று சொல்லலாம். நீ யார் அவளிடம் கத்த என்று அடுத்த கேள்வி வரும். வடிவு என் முகத்தையும் மாமியார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தன்னைச் சோதித்தார்கள் என்பதே அவளுக்கு அப்போதுதான் புரிய ஆரம்பித்தது.

நான் சித்தம்மாவிடம் திரும்பினேன். "அம்மா, நீங்க சொல்லுங்க உங்க பையன்கிட்ட. போறேன்னு சொன்னா உங்களுக்கே ஆகாதே. என்னையே வாசல்ல நிறுத்தித் திருப்பிச் சொல்ல வெச்சீங்களே."

சித்தம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நிதானமாகத்தான் சொன்னாள்.

"மனுசங்ககிட்ட சொல்றது வேற. மெசின்கிட்டப் போயி யாருப்பா சகுனம் பார்ப்பா?"

அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது. இதை நான் சத்தியம் செய்து சொல்வேன். மருமகள் விமானம் ஏறினால் மகன் அங்கேயே வேர் விட்டுவிடுவான், தான் இந்தச் சந்தில் தனியாகக் கிடக்க வேண்டும் என்று அவள் ஆடிக்கு முன்னாலிருந்தே பயந்துகொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் வடிவு பிழைப்பாள் என்ற இடத்தில், அந்த வார்த்தையை அவள் விழுங்கிவிட்டாள்.

"திங்கக்கிழமை இன்னொரு தடவை பாரு பாலன்," என்று கெஞ்சினேன்.

"நீ யாருடா அவளுக்கு இவ்வளவு பரிஞ்சு பேச?" என்று கேட்டு வைத்துவிட்டான்.

அன்று வீட்டுக்குப் போய் என் மனைவி லீலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைச் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட்டிருந்தால்கூடச் சண்டை போட்டு ஆறியிருப்பேன். ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அவ எழுந்து போனப்புறம் நீங்களே ஏன் அதை அமுக்கல?"

ஒரு நிமிஷம் ஆகும் என்று சொன்னேன்.

திங்கட்கிழமை நாலரைக்கு வடிவு தனியாக வந்தாள். என்னிடம் பேசாமல் போய் உட்கார்ந்தாள். பாலன் பெயர் பட்டியலில் இல்லை. 'வந்துட்டனுங்' என்று அடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே அடித்தாள். ஐந்து மணி வரை அடித்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் அந்தத் தளம் ஒழுங்காக நேரத்தைக் குறித்துக்கொண்டு, அவள் இருக்கிறாள் என்று பச்சை விளக்குக் காட்டியது. பார்க்க வேண்டியவன்தான் இல்லை. வியாழக்கிழமையும் அப்படியே.

வெள்ளிக்கிழமை மளிகைக் கடைக்கு போன் வந்தது. அவளை அவங்க ஊருக்கு அனுப்பிடு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டான். பாஸ்போர்ட்டைச் சித்தம்மா டிரங்குப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினாள். மருமகளின் கோபமான போட்டோக்களும் அதோடு போயின.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மார்டள்ளியிலிருந்து அவள் அண்ணன் மாதப்பன் வந்தான். ஒரு தகரப் பெட்டி, இரண்டு பை. சந்தில் இருந்த அத்தனை பேரும் அன்று பார்த்து வாசலில் உட்கார்ந்து ஊதுவத்தி உருட்டினார்கள். என் கடைக்கு எதிரே வந்ததும் வடிவு நின்றாள். மாதப்பன் தெருவின் அந்தப் பக்கமே பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்றான். அவள் மட்டும் கடைக்குள் வந்தாள். விரல்களில் கருப்பு முக்கால்வாசி போயிருந்தது. ஒரு வாரமாக அவளை உருட்ட விடவில்லை போலிருக்கிறது.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங். அன்னைக்கு நான் அதை அமுக்காம இருந்திருந்தா?"

பொய் சொல்லியிருக்கலாம். எப்படியும் இதுதான் ஆகியிருக்கும், அவன் மனசு முன்னாலேயே கெட்டுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஊர் போய்ச் சேருகிற வரைக்குமாவது அவளுக்கு அது துணையாக இருந்திருக்கும். எனக்கு அப்படியெல்லாம் சொல்ல வராது. என் மேல் எனக்கிருந்த ஆத்திரத்தில் உள்ளதைச் சொன்னேன்.

"அமுக்காம இருந்திருந்தா பேர் எரிஞ்சிருக்கும். நீ வீட்ல இருந்திருப்ப. அவன் நம்பியிருப்பான்."

தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். அழவில்லை. அவள் உட்காருகிற மூன்றாவது கம்ப்யூட்டரை ஒரு தடவை பார்த்தாள்.

"அப்ப நான் மொதல்ல நெனச்சதுதானுங்க சரி. போறேன்னு சொல்லியிருக்கக் கூடாது."

"வடிவு," என்றேன்.

அவள் படியிறங்கினாள். ஏழு மாதமாகத் திங்களும் வியாழனும் அந்தப் படியில் இறங்கும்போது ஒரே வார்த்தைதான் சொல்வாள். நான் அதற்காகக் காத்து நின்றேன், அதற்குப் பதில் சொல்ல வாயைத் தயாராக வைத்திருந்தேன்.

"போறனுங்கண்ணா," என்றாள்.

போனாள்.